கணினித் தேதிப் பிழைக்கு நிறுவனங்களும் அரசுகளும் எப்படித் தயாராகின்றன?

2000-ஆம் ஆண்டுப் பிழைக்காக உலகம் அவ்வளவு பணத்தைக் கொட்டியது, கடைசியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இப்போது 2038 என்று இன்னொன்றைச் சொல்கிறார்கள். எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய இப்படி ஒரு பிழைக்கு நிறுவனங்களும் அரசுகளும் உண்மையில் என்ன செய்து தயாராகின்றன? இதுதான் கேள்வி.

நேராகச் சொன்னால், இதில் புரோகிராமைத் திருத்துவது சின்ன வேலை. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பெரிய வேலை. தன்னைச் சுற்றியிருப்பவர்களின் கணினிகள் தயாரா இல்லையா என்பதை அவர்கள் வாயிலிருந்தே வரவழைப்பது இரண்டாவது. அரசு உண்மையில் பயன்பட்டது இந்த இரண்டாவதில்தான். 2000 முடிந்துபோன கதை, விவரங்கள் எல்லாம் வெளியே இருக்கின்றன. அதனால் அதை வைத்தே சொல்கிறேன். 2038-க்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது அதிலிருந்தே தெரியும்.

பிழை எளிமையானது. சேமிப்பிடம் விலை உயர்ந்திருந்த காலத்தில், ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகள்தான் என்ற கட்டுப்பாட்டில், ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள். 1965 என்பது 65. அன்றைக்கு அது முட்டாள்தனம் இல்லை, சிக்கனம். அந்த புரோகிராம்கள் 30 வருடம் ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2000 வந்ததும் 00-இலிருந்து 65-ஐக் கழித்தால் ஒருவரின் வயது மைனஸ் 65 ஆகிவிடும். வட்டி, ஓய்வூதியம், காலாவதித் தேதி, எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசை, எல்லாம் தலைகீழாகும்.

பலரும் கவனிக்காத ஒன்று, கெடு நாளன்றுதான் பிழை வரும் என்பதில்லை. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் எந்த மென்பொருளும் முன்னதாகவே அடிபடும். 30 வருட வீட்டுக் கடனைக் கணக்குப் போடும் கணினி 1970-லேயே 2000-ஐத் தொட்டுவிட்டது. 1990-களின் பிற்பகுதியில், 00 என்று காலாவதி போட்ட கடன் அட்டைகளைச் சில கடை இயந்திரங்கள் ஏற்க மறுத்தன. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது ஓய்வூதியம் வழங்கும் துறை, 1989-லேயே இந்த வேலையைத் தொடங்கியதற்கு இதுவே காரணம். அவர்களுடைய கணக்கு எப்போதும் பல வருடங்கள் முன்னே ஓடும். ஆக, தயாரிப்பின் முதல் கேள்வி, நம்முடைய எந்தக் கணக்கு எவ்வளவு தூரம் முன்னே பார்க்கிறது என்பதுதான். இதற்குப் பதில் தெரிந்தால், எந்த மென்பொருளை முதலில் கையில் எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கெடுப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1997-இல் வெளியிட்ட வழிகாட்டி வேலையை ஐந்து கட்டமாகப் பிரித்தது: விழிப்பு, மதிப்பீடு, திருத்தம், சரிபார்ப்பு, நடைமுறைப்படுத்தல். தாளில் பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் இரண்டாவது கட்டத்திலேயே பலருக்கு மூச்சு வாங்கியது. தங்களிடம் எத்தனை மென்பொருள் ஓடுகிறது என்பதே பெரிய நிறுவனங்களுக்குத் தெரியாது. தினமும் இரவில் ஓடும் ஒரு புரோகிராமுக்கு மூல நிரலே, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவமே, இருக்காது. இயங்கும் வடிவம் மட்டும் எங்கோ இருக்கும், எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒரு துறையில் யாரோ ஒருவர் தன் வசதிக்காகச் செய்துகொண்ட எக்செல் ஷீட்டை நம்பி மொத்த நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கை நிற்கும். அது எந்தப் பட்டியலிலும் இருக்காது. இதையெல்லாம் தேடி எழுதிவைத்ததுதான், என் கணிப்பில், அந்தச் செலவில் மிக நீண்ட காலம் பலன் தந்த பகுதி.

கணினி மாதிரி தெரியாத கணினிகள் வேறு இருந்தன. லிஃப்ட், கட்டடத்தின் குளிரூட்டும் அமைப்பு, மருத்துவமனைக் கருவிகள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் சிப் இருக்கிறது. எதில் தேதி இருக்கிறது, எதில் இல்லை? உற்பத்தியாளரிடம் கேட்டால்தான் தெரியும். உற்பத்தியாளருக்கே சில நேரம் தெரியாது. இந்தப் பகுதியில் பயம் நிஜத்தைவிடப் பெரிதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரும்பாலான சிப்புகளுக்கு இன்று என்ன தேதி என்ற கவலையே இல்லை. எத்தனை நொடி கழிந்தது என்று எண்ணினால் அவற்றுக்குப் போதும்.

பட்டியல் கைக்கு வந்தபின் தரம் பிரிக்க வேண்டும். எது நின்றால் நிறுவனமே நிற்கும், எது நின்றால் ஒரு வாரம் சமாளிக்கலாம், எதைத் தூக்கியே போட்டுவிடலாம். அமெரிக்க அரசு தன் துறைகளில் இன்றியமையாதவை என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கணினி அமைப்புகளைக் குறித்து, அவற்றின் முன்னேற்றத்தை மட்டும் விடாமல் துரத்தியது. ஸ்டீபன் ஹார்ன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொரு துறைக்கும் பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி மதிப்பெண் போட்டு வெளியிட்டார். சுற்றறிக்கைக்கு அசையாத அதிகாரிகள்கூட, பத்திரிகையில் தன் துறைக்கு ‘எஃப்’, அதாவது ஃபெயில், என்று வந்தால் அசைவார்கள். மலிவான, நல்ல உத்தி.

சரி, திருத்தம். நான்கு வழிகள் இருந்தன. பழையதை எறிந்துவிட்டுப் புது மென்பொருள் வாங்குவது ஒன்று. ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பது இன்னொன்று. சுத்தமான தீர்வு, ஆனால் ஒவ்வொரு கோப்பும், திரையும், அச்சுப் படிவமும், மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பும் தரவும் சேர்ந்து மாற வேண்டும். மூன்றாவது, எல்லாத் தேதியையும் 28 வருடம் பின்னுக்குத் தள்ளிக் கணக்குப் போட்டு, வெளியே காட்டும்போது 28-ஐக் கூட்டிவிடுவது. 1972-இன் நாட்காட்டியும் 2000-இன் நாட்காட்டியும் கிழமை மாறாமல், லீப் நாள் உட்பட, ஒன்றேதான் என்பதால் இது வேலை செய்யும். நான்காவது வழிதான் பலரும் எடுத்தது. எல்லைக்கோடு ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள இரண்டு இலக்க ஆண்டை 2000-களாகவும், மேலே உள்ளதை 1900-களாகவும் படிப்பது. உதாரணமாக 00 முதல் 19 வரை இந்த நூற்றாண்டு, 20 முதல் 99 வரை போன நூற்றாண்டு. தரவைத் தொட வேண்டாம், நிரலில் நாலு வரி சேர்த்தால் போதும். மலிவு, வேகம்.

ஆனால் இது தீர்வு இல்லை, தவணை. 2019 முடியும் நேரத்தில் கணினிப் பதிவுகளை அலசும் ஸ்பிளங்க் என்ற மென்பொருள் இரண்டு இலக்க ஆண்டாக 20-ஐ அடையாளம் காணாது என்று தெரியவந்து, வாடிக்கையாளர்கள் அனைவரும் ஜனவரி 1-க்குள் திருத்தம் போட வேண்டியிருந்தது. எல்லைக்கோடு வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நேரம் இல்லாதபோது அதுதான் சரியான முடிவு. அந்தக் கோட்டின் கெடுவை எங்கும் எழுதிவைக்காமல் போனதுதான் குற்றம்.

அப்புறம் சோதனை. மொத்த உழைப்பில் பாதிக்கு அருகில் பலருக்கு இதிலேயே போனது, அதற்குக் காரணமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கடிகாரத்தை 2000-க்குத் திருப்பிப் பார்க்க முடியாது. மென்பொருள் உரிமங்கள் காலாவதியாகும், கடவுச்சொற்கள் செல்லாது போகும், ‘இது பழைய தரவு’ என்று எண்ணி கணினியே கோப்புகளை அழித்துவிடும். தனி இயந்திரம், தனித் தரவு, தனி நெட்வொர்க் வேண்டும். சோதிக்க வேண்டிய நாளும் ஒன்றல்ல. நள்ளிரவைத் தாண்டுவது ஒன்று; 2000 பிப்ரவரி 29 இன்னொன்று, ஏனென்றால் நூற்றாண்டு ஆண்டுகள் லீப் இல்லை என்ற விதி மட்டும் தெரிந்து, 400-ஆல் வகுபட்டால் லீப் என்ற விலக்கு தெரியாமல் நிரல் எழுதியவர்கள் இருந்தார்கள். 2000 டிசம்பர் 31 மூன்றாவது, அது அந்த ஆண்டின் 366-ஆவது நாள்.

தனியாகச் சோதித்தாலும் போதாது. என் வங்கி சரியாக இருந்து, அது பணம் அனுப்பும் வங்கி சரியாக இல்லையென்றால் இரண்டும் கெட்ட மாதிரிதான். அமெரிக்கப் பங்குச் சந்தைத் துறை 1999 மார்ச், ஏப்ரல் வார இறுதிகளில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களைச் சேர்த்து, 2000 பிறந்துவிட்டதாகப் பாவித்து வாங்கல், விற்றல், பட்டுவாடா முழுவதையும் ஓட்டிப் பார்த்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த காரியம் அது.

இங்கேதான் அரசு உள்ளே வருகிறது. ஒரு தனியார் நிறுவனத்தின் நிரலை எந்த அரசும் திருத்தித் தர முடியாது. ஆனால் அந்த நிறுவனம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சரிசெய்ய முடியும். 1998 வரை, ‘உங்கள் கருவி 2000-க்குத் தயாரா?’ என்று கேட்டால் விற்பனையாளரின் வழக்கறிஞர்தான் பதில் எழுதுவார், அதில் ஒன்றும் இருக்காது. ‘தயார்’ என்று சொல்லித் தவறினால் வழக்கு, ‘தயாரில்லை’ என்றால் வியாபாரம் போச்சு. இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்கா 1998 அக்டோபரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்லெண்ணத்தோடு வெளியிடும் தயார்நிலைத் தகவல் பிறகு தவறாகிப் போனாலும், அதற்காக மட்டும் பொறுப்பாக்க முடியாதபடி அது பாதுகாப்புக் கொடுத்தது. 1999 ஜூலையில் வந்த இன்னொரு சட்டம், வழக்குப் போடும் முன் எதிர்த் தரப்புக்குப் பிழையைச் சரிசெய்ய அவகாசம் கொடுக்கச் சொன்னது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் இன்னொரு பக்கம் நெருக்கியது: பட்டியலில் உள்ள நிறுவனங்கள் தங்கள் தயார்நிலை, செலவு, அபாயம், மாற்றுத் திட்டம் நான்கையும் முதலீட்டாளர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கையால் பயத்தைக் குறைத்து, மறு கையால் பேச வைத்தார்கள். 2000 தயாரிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தொழில்நுட்பமே இல்லாத இந்த ஏற்பாடு ஆயிரம் புரோகிராமர்கள் செய்ய முடியாததைச் செய்தது.

இவற்றை ஒருங்கிணைக்க அதிபர் கிளின்டன் 1998 பிப்ரவரியில் ஜான் காஸ்கினன் தலைமையில் ஒரு குழு அமைத்தார். பிரிட்டனில் ‘ஆக்‌ஷன் 2000’ என்ற அமைப்பு சிறு நிறுவனங்களைத் தட்டி எழுப்பும் வேலையைச் செய்தது. நாடுகளுக்கிடையே தகவல் போக 1999-இல் உலக வங்கிப் பணத்தில், ஐ.நா. ஆதரவில் ஒரு சர்வதேச ஒத்துழைப்பு மையம் தொடங்கியது. அணு ஆயுத விவகாரத்தில் யாரும் விளையாடத் தயாராக இல்லை: ரஷ்ய ராணுவ அதிகாரிகள் அமெரிக்காவின் கொலராடோவுக்கே வந்து, பீட்டர்சன் விமானப்படைத் தளத்தில் அமெரிக்கர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யான ஏவுகணை எச்சரிக்கை வந்தால் நேருக்கு நேர் பேசித் தெளிந்துகொள்ள.

மத்திய வங்கிகளின் கவலை வேறு மாதிரி. கணினி நிற்காவிட்டாலும், நிற்கும் என்று நம்பி மக்கள் பணத்தை எடுக்க ஓடினால் வங்கி நின்றுவிடும். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் கூடுதலாக 5,000 கோடி டாலர் மதிப்புக்கு நோட்டு அடிக்கச் சொல்லி வைத்துக்கொண்டது, வங்கிகளுக்குத் தனிக் கடன் வசதியும் திறந்தது. மாற்றுத் திட்டங்களில் மற்றவை நீங்களே ஊகிக்கக்கூடியவைதான்: காகிதப் படிவங்கள், ஜெனரேட்டர், விடுமுறை ரத்து, கடைசி மாதங்களில் மென்பொருளில் எந்த மாற்றமும் கூடாது என்ற தடை.

அன்றிரவு என்ன ஆனது? ஒன்றுமே ஆகவில்லை என்பது சரியல்ல. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தரவை அலசும் தரைநிலைய அமைப்பு சில மணி நேரம் செயலிழந்தது. ஜப்பானில் சில அணுமின் நிலையங்களின் கண்காணிப்புக் கருவிகள் தடுமாறின. மின் உற்பத்திக்குப் பாதிப்பு இல்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் ஆண்டை 19100 என்று காட்டியது, அதிகாரபூர்வ நேரம் சொல்லும் இடமே அதுதான். சிரிக்க முடியாத சம்பவம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது. கர்ப்பிணிகளுக்கு டவுன் சிண்ட்ரோம் அபாயத்தைக் கணக்கிடும் ஆய்வகக் கணினி தாயின் வயதைத் தவறாக எடுத்துக்கொண்டது. 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு போனது. பல மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. நின்றுபோகும் கணினி அபாயமில்லை, நின்றது தெரியும். தவறாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் அபாயம்.

செலவு வீணா என்ற கேள்விக்கு என் பதில்: கொஞ்சம் வீண், பெரும்பகுதி தேவை. அமெரிக்காவில் மட்டும் அரசும் தனியாரும் சேர்ந்து சுமார் 10,000 கோடி டாலர் செலவழித்ததாக அந்நாட்டு வர்த்தகத் துறை மதிப்பிட்டது. அதில் எத்தனையோ நிறுவனங்கள் 2000-இன் பெயரைச் சொல்லிப் பழைய கணினிகளைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டன. இத்தாலி தாமதமாகத் தொடங்கியும் தப்பித்ததே என்று கேட்பார்கள். அங்கே ஓடியதும் அதே மைக்ரோசாஃப்ட், அதே ஐபிஎம், அதே ஆரக்கிள். மற்றவர்கள் கேட்டு வாங்கிய திருத்தம் இவர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் இவற்றின் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிகளில், கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் இருந்த நிரல்கள் அப்படியல்ல. அவரவர் எழுதியதை அவரவர்தான் வரிவரியாகத் திருத்த வேண்டியிருந்தது. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் உலகச் சந்தையில் காலூன்றியதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி 2038. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எண்ணுகின்றன. அதை 32 பிட் எண்ணில், அதாவது 0, 1 மட்டும் கொண்ட 32 இடங்களில், வைத்தால் 214,74,83,647 வரைதான் போகும். 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரப்படி அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பும். அடுத்த நொடியில் எண் மைனஸுக்குத் தாவி, கணினி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். முன்னதாகவே அடிபடும் கதை இங்கும் உண்டு. 2006 மே மாதம் ஏஓஎல்சர்வர் என்ற இணைய சர்வர் மென்பொருள் திடீரென்று தடுமாறியது. காலக்கெடுவே வேண்டாம் என்பதற்குப் பதிலாக ‘இன்னும் 100 கோடி நொடி’ என்று எழுதி வைத்திருந்தார்கள், அது 2038-ஐத் தாண்டிவிட்டது. அதே உச்ச எண்ணில் 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சும் முட்டிக்கொண்டது. வைரஸ் தடுப்புப் பதிப்பின் எண்ணைத் தேதியை வைத்து 2201010001 என்று போட்டதும் 32 பிட்டில் அடங்காமல் உலகெங்கும் மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கின.

நல்ல செய்தி, 64 பிட் கணினிகளில் இயங்குதளம் ஏற்கெனவே தப்பித்துவிட்டது. 32 பிட்டுக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் 2020-இல் வந்த 5.6 பதிப்பில் வழி செய்தது; லினக்ஸை வைத்து உருவான டெபியன் 2025-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்புக்காக ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகளை மறுபடி உருவாக்கியது. பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நிரல் தொகுப்பு (லைப்ரரி) 64 பிட்டில் நேரம் சொல்லி, அதை அழைக்கும் நிரல் 32 பிட்டில் எதிர்பார்த்தால் இரண்டும் உடையும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் மாற்ற முடியும்.

இயங்குதளம் சரியானால் எல்லாம் சரியா என்றால், இல்லை. சேமித்து வைத்த தரவிலும், கோப்பு வடிவங்களிலும், இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளிலும் 32 பிட் நேரம் உட்கார்ந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப் வகை அந்த நொடியோடு முடிகிறது. 2000-இல் ‘00’ என்பதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்க்க முடியாது. அன்றைக்குப் பயந்தது போல் ஆகாத சிப்புகள் விஷயமும் இம்முறை வேறு. இன்றைய ரவுட்டர், மீட்டர், கேமரா, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பலவற்றின் உள்ளே முழு லினக்ஸ் ஓடுகிறது, அவை எதிரில் பேசும் கணினி உண்மையானதுதானா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க இன்றைய தேதியைத்தான் பார்க்கின்றன. போதாக்குறைக்கு, கணினிகள் நேரம் ஒத்துப்பார்க்கும் என்டிபி நெறிமுறையின் எண்ணி (கவுண்டர்) 2036 பிப்ரவரி 7-இல் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஜிபிஎஸ்ஸின் பழைய வார எண்ணி 2038 நவம்பரில். ஜிபிஎஸ் எண்ணி கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியபோது, தேதி எப்போதோ தெரிந்திருந்தும், நியூயார்க் நகரின் சொந்த வயர்லெஸ் நெட்வொர்க் பல நாள் படுத்துவிட்டது.

ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ இன்று என்ன செய்யலாம் என்றால், நான் முதலில் கொள்முதல் ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பேன். 15, 20 வருடம் ஓட வேண்டிய எந்தக் கருவியை இப்போது வாங்கினாலும் அது 2038-ஐத் தாண்டும். ‘2038-க்குப் பின்னும் வேலை செய்யும், சோதித்த ஆதாரம் தருகிறேன்’ என்ற ஒரு வரியை விற்பவரிடம் இன்றே எழுதி வாங்க காசு செலவில்லை. 2035-இல் கேட்டால் அந்தக் கம்பெனியே இருக்காது. அடுத்து, நீண்டகாலக் கடன், ஓய்வூதியம், சான்றிதழ், ஆவணப் பாதுகாப்பு என முன்னே பார்க்கும் கணக்குகள். அவற்றில் 2038 இன்றைக்கே நடந்துகொண்டிருக்கிறது.

சோதிக்க இறங்குகிறவர்கள் கருவியை முதலில் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பொய் நேரம் மற்ற இயந்திரங்களுக்கும் பரவும், அல்லது நேர சர்வர் வந்து உங்கள் சோதனையைக் கலைத்துவிடும். சோதனைக்கு எடுக்கும் கருவி இழந்தாலும் பரவாயில்லை என்பதாக இருக்கட்டும். சில கருவிகள் 1901-க்குப் போனபின் எந்தச் சான்றிதழையும் ஏற்காது. சான்றிதழை ஏற்காததால் திருத்தத்தையும் இறக்கிக்கொள்ளாது.